இரண்டு மேசைகளுக்கு நடுவே ஒரு கொக்கி

பாபநாசம் போகும் சாலையில், தாமிரபரணியைப் பார்த்தாற்போல, மருத மரங்களுக்குப் பின்னால் இரும்புக் கலப்புலோக உயராய்வு நிலையம் இருக்கிறது. அதற்கு இரண்டு வாசல்கள். உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று என்று நினைத்துக்கொண்டு இசக்கிமுருகன் இடதுபக்க வாசலில் பைக்கை நிறுத்தினான். தோளில் தொங்கிய துணிப்பையில் உடைந்த கொக்கி ஒன்று இருந்தது.

வாட்ச்மேன் எழுந்து வந்து கேட்டார்: "பிரிதலா, ஒழுங்கா?"

"கொக்கி உடஞ்சிட்டு அண்ணாச்சி. ஏன் உடஞ்சிதுன்னு கேக்க வந்தேன்."

"அத உள்ள போய்க் கேளும். எந்தத் துறைக்கு வந்திருக்கீருன்னு சொன்னாத்தான் கதவத் தொறக்கணும்னு உத்தரவு. பிரிதல்னா இந்த வாசல். ஒழுங்குன்னா அந்த வாசல்."

"ரெண்டும் உள்ள ஒரே கட்டடந்தான?"

"அது அந்தக் காலம். இப்ப நடுவுல சுவரு கெட்டியாச்சு வே."

இசக்கிமுருகன் வந்த காரியம் இவ்வளவுதான். கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் முகம்மது இப்ராஹிம் நடத்தும் பட்டறையில் அவன் பிட்டர். டிராக்டர் பல்சக்கரங்களைத் தட்டுகளில் அடுக்கி, பெரிய மின்உலைக்குள் தள்ளி, மணிக்கணக்கில் சூட்டில் வைத்துப் பதப்படுத்துவது அங்கே வேலை. உலைக்கதவு மேலே தூக்கித் திறப்பது. ஒரு டன்னுக்குக் குறையாது. அதை நான்கு கொக்கிகள் தாங்குகின்றன. இரும்பும் குரோமியமும் கலந்தவை, துருப்பிடிக்காது, ஆயுசுக்கும் போதும் என்று சொல்லி உலையோடு கொடுத்தார்கள்.

போன வாரம் மின்பராமரிப்புக்காக ஒரு நாள் முழுக்க உலை அணைந்து ஆறிக் கிடந்தது. மறுநாள் காலையில் கதவைத் தூக்கியபோது அந்தக் கொக்கிகளில் ஒன்று உடைந்தது. வளையவில்லை, இழுபடவில்லை, சாக்பீஸ் மாதிரி உடைந்தது. கதவு ஒருபக்கமாகச் சாய்ந்து மற்ற மூன்றில் தொங்கியது. கீழே நின்று தட்டுத் தள்ளுகிறவள் இசக்கிமுருகனின் மனைவி பிரேமலதா. அவிழ்ந்த தலைத்துண்டை முடிவதற்காக அவள் ஓரெட்டு பின்னால் வந்திருந்தாள். உடைந்த துண்டு அவள் காலடியில் வந்து விழுந்தது.

முதலாளி இப்ராஹிம் கெட்டவர் அல்ல. படித்தவர்கள் மேல் அவருக்கு அபார மரியாதை, குறை என்று சொன்னால் அது ஒன்றுதான். "அம்மாம் பெரிய கம்பெனிக்காரன் குடுத்த கொக்கி. ஒண்ணு உடஞ்சா நாலும் மோசம்னு நீரு சொல்லுதீரு. நானும் நீரும் சொல்லி என்னத்துக்கு ஆவும்? ஆத்தங்கரையில அத்தன விஞ்ஞானி உக்காந்திருக்காங்கள்ளா. அவங்க வாயால ஒரு வார்த்த வாங்கிட்டு வாரும். மிச்ச மூணையும் அன்னைக்கே கழத்தி எறிஞ்சிருதேன்" என்று சொல்லிவிட்டார். உடைந்த இடத்தில் தற்காலிகமாகச் சாதா இரும்பில் ஒரு கொக்கி அடித்து மாட்டினார்கள். ஒன்றோ இரண்டோ அப்படி ஒப்பேற்றலாம். நான்கும் சாதா இரும்பு என்றால் சூட்டில் இளகிவிடும்.

ஆனித் தேருக்காக அடைத்த பட்டறை திங்கட்கிழமை திறக்கும். தேரோடிய மறுநாள் வியாழக்கிழமை இசக்கிமுருகன் நிலையத்துக்கு வந்திருந்தான். திங்கட்கிழமைக்குள் ஒரு வார்த்தை வேண்டும். அத்தனை முனைவர்கள் இருக்கும் இடத்தில் ஒரு வார்த்தைக்கா பஞ்சம் என்று அவன் நினைத்தான்.

அந்த நிலையத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். இரண்டு உலோகத்தைக் கலந்து வெகுநாள் சூட்டில் வைத்தால் உள்ளே இரண்டில் ஒன்று நடக்கலாம். ஓரின அணுக்கள் தங்களுக்குள் கூடிக் கூட்டம் கூட்டமாகப் பிரிந்துபோகலாம். அல்லது பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி ஒழுங்காக அமரலாம். முதலாவது பிரிதல், இரண்டாவது ஒழுங்கு. இரண்டையும் ஆராயத்தான் ஒரே கட்டடத்தில் ஒரே துறையாக அத்தனை பேரையும் உட்கார வைத்தார்கள். அங்கே தலைபோகிற வேலையும் இல்லை, சும்மாவும் இல்லை. மிதமான சூட்டிலேயே வெகுகாலம் இருந்தார்கள். பிறகு ஒரு கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்ற கேள்வி எழுந்தது. பஞ்சாபகேசன் என்ற முனைவர் பக்கம் பாதிப் பேர், பாகீரதி என்ற முனைவர் பக்கம் பாதிப் பேர் கூடினார்கள். துறை இரண்டானது. தேநீர் இரண்டானது. கடைசியில் கட்டடத்தின் நடுவே சுவர் எழும்பியது. கொண்டுவந்த துண்டை ஒரே வீச்சில் அடித்து, உறுதியா நொறுங்கலா என்று கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும் சம்மட்டி எந்திரம் ஒன்று அங்கே இருந்தது. சுவர் அதன் குறுக்கே போயிற்று. இப்போது சம்மட்டி பிரிதல் துறையில் தொங்குகிறது. துண்டை வைக்கும் தாங்கி ஒழுங்குத் துறையில் இருக்கிறது. இரண்டுக்கும் தினம் எண்ணெய் போட்டுத் துடைக்கிறார்கள்.

இசக்கிமுருகன் பிரிதல் என்றே சொல்லி உள்ளே போனான். பஞ்சாபகேசன் கொக்கியைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்தார்.

"இதிலே பிரிதல் நடந்திருக்கோ?"

"அதத்தான் சார் கேக்க வந்தேன்."

"பாருங்கோ, நடந்திருந்தா இது எங்க சாம்பிள். நடக்கலேன்னா எங்களோடது இல்லை. எங்களோடது இல்லாததை நான் சோதிக்கப்படாது."

"சோதிச்சாத்தான சார் நடந்திருக்கா இல்லையான்னு தெரியும்?"

"ரொம்பச் சரி" என்றார் பஞ்சாபகேசன். முகத்தில் உண்மையான மகிழ்ச்சி தெரிந்தது. "அதனாலதான் இது கஷ்டமான துறை. நீங்க ஒண்ணு பண்ணுங்கோ. ஒழுங்குத் துறையிலே போய், இது அவாளோடது இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கோ. உடனே நான் எடுத்துக்கறேன்."

பாகீரதியின் அறை சுவருக்கு மறுபுறம்தான், பஞ்சாபகேசன் தும்மினால் அங்கே கேட்கும். ஆனால் போகவேண்டுமென்றால் இடதுவாசல் வழியாக வெளியே வந்து, சாலையில் நடந்து, வலதுவாசலில் மறுபடி வாட்ச்மேனுக்குப் பதில் சொல்லி உள்ளே போகவேண்டும். இசக்கிமுருகன் போனான்.

பாகீரதி கொக்கியைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "உடைஞ்சு போனதையா இங்கே கொண்டு வரது? இது ஒழுங்குத் துறை."

"உங்களோடது இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா அந்தச் சார் எடுத்துக்கிடுதேன்னு சொன்னாங்கம்மா."

"எங்களோடது இல்லேன்னு எப்படிச் சொல்றது? சோதிச்சுப் பார்த்துன்னா சொல்லணும்."

"அப்ப சோதிச்சுப் பாருங்கம்மா."

"எங்களோடது இல்லாததையா?"

இசக்கிமுருகன் கொக்கியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை, தனக்குத்தான் ஏதோ விளங்கவில்லை என்ற வெட்கம்தான் வந்தது. இம்மாதிரி இடங்களின் சாமர்த்தியமே அதுதான்.

பைக்கை எடுக்கும்போது பின்னாலேயே ஓர் இளம்பெண் வேகமாக வந்தாள். ஒழுங்குத் துறையில் புதிதாகச் சேர்ந்த விஞ்ஞானி, பெயர் ஸ்ரீலக்ஷ்மி. பணி இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மருத மரத்தின் மறைவில் நின்றுகொண்டு, கொக்கியைக் காட்டச் சொன்னாள். உலைக்கதவைத் தாங்கும் நான்கில் ஒன்று என்று சொல்லிக் கொடுத்தான். உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். பொடிப்பொடியாகக் கல்கண்டு போலப் பளபளத்தது.

"இது எத்தனை வருஷமா உலையிலே இருக்கு? சிவக்கிற அளவு சூடு இல்லையே, நடுச்சூடுதானே?"

"ஆமாம்மா. கதவு ஓரத்துல. ஆறேழு வருசமா."

"அந்தச் சூடுதான் இதுக்கு ஆகாது. இரும்பு தனியா, குரோமியம் தனியா உள்ளே பிரிஞ்சுடும். வெளியே ஒண்ணும் தெரியாது. சூடா இருக்கிற வரைக்கும் ஓரளவு தாங்கும். ஆறிப்போச்சுன்னா கண்ணாடிதான். நாலும் ஒரே உலையிலே ஒரே சூட்டிலே இருந்ததுன்னா, நாலும் ஒண்ணுதான்."

இசக்கிமுருகன் விரல்விட்டு நாளை எண்ணினான். உலை புதன்கிழமையே அணைந்தாயிற்று. திங்கட்கிழமை கதவைத் தூக்கும்போது கொக்கிகள் பச்சைத்தண்ணீர் போல ஆறியிருக்கும்.

"இதுக்கு வைத்தியம் இருக்காம்மா?"

"நல்லாச் செக்கச்செவேல்னு காய்ச்சி, உடனே தண்ணியிலே முக்கினா பிரிஞ்சது மறுபடியும் கலந்துடும்."

அவன் நிமிர்ந்து, நடுவே சுவர் ஓடும் கட்டடத்தைப் பார்த்தான். "இதயும் அப்படிச் செய்ய முடியுமாம்மா?"

ஸ்ரீலக்ஷ்மி சிரித்தாள். உடனே யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அங்கேயே நின்று இப்ராஹிமுக்குப் போன் போட்டான். விஷயத்தைச் சொன்னான். மறுமுனையில் முதலாளி கேட்டார்: "யாரு சொன்னா, தலைவரா?"

"இல்ல மொதலாளி. இங்கன ஒரு அம்மா."

"பேரு என்னங்காங்க?"

ஸ்ரீலக்ஷ்மி கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்கும் வீடு இருக்கிறது, வயதான அப்பா இருக்கிறார், துறைத்தலைவரைத் தவிர வேறு யார் முடிவு சொன்னாலும் சீட்டுக் கிழியும். "பேரச் சொல்லாண்டாங்காங்க மொதலாளி" என்றான் இசக்கிமுருகன்.

"பேரில்லாத வார்த்தைய வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய வே?" என்று இப்ராஹிம் வருத்தத்தோடு போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை நிலையத்தின் இயக்குநரையே பார்த்துவிட்டான். முனைவர் சிவசண்முகத்தின் அறை சுவருக்கு நேர் மேலே, மாடியில் இருந்தது. அவருடைய நாற்காலி எந்தப் பக்கமும் சாயாமல் சரியாக நடுவில் போடப்பட்டிருந்தது. மேடையில் பேசுவது போலத்தான் அவர் தனியறையிலும் பேசுவார்.

"தம்பி, உங்களைப் போன்ற எளிய உழைப்பாளிகளுக்காகத்தான் இந்த நிலையம். உங்கள் கொக்கி எங்கள் கொக்கி. அதில் எந்தத் துறைக்கும் அநீதி நடக்க நான் அனுமதிக்க மாட்டேன்."

உடனே ஆளனுப்பினார். இரண்டு துறைக்கும் சமமாகப் பாதிப் பாதி கொடுப்பது என்று முடிவாயிற்று. கொக்கியை அறுக்கும் சத்தம் அரைமணி நேரம் கேட்டது. இசக்கிமுருகனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது, ஏதோ ஒன்று நடக்கிறது அல்லவா. பாதிகள் இரண்டும் தட்டில் வந்தன. பஞ்சாபகேசன் தன் பாதியை அளந்து பார்த்து, சோதனைக்குரிய குறைந்தபட்ச நீளத்துக்கு விரற்கடை குறைவு என்று சொல்லியனுப்பினார். பாகீரதியும் அளந்து, அதையே சொல்லியனுப்பினார். இரண்டு துறைகளும் பல வருடங்களுக்குப் பிறகு ஒரே கருத்துக்கு வந்ததில் இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அறுக்கதுக்கு முன்னால முழுசா இருந்துதே சார்" என்றான் இசக்கிமுருகன்.

"முழுசாக இருந்தபோது யாருடையது என்று தெரியாமல் இருந்தது. இப்போது யாருடையது என்று தெரிகிறது, நீளம்தான் போதவில்லை. இது முன்னேற்றம்." சிவசண்முகம் முன்னால் குனிந்தார். "இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஒன்று உடைந்தால் அது விபத்து. இரண்டாவது உடைந்தால்தான் அது தரவு. அறிவியல் ஒன்றை நம்பாது."

"சார், ரெண்டாவது உடையும்போது கீழ என் பொண்டாட்டி நிப்பா."

இயக்குநர் ஒரு தாளை இழுத்து முன்னால் வைத்தார். பிறகு பேனாவைத் திறந்தார். "அம்மையார் பெயர்?"

"பிரேமலதா."

"எழுதிக்கொண்டேன். கட்டுரையின் நன்றியுரையில் சேர்க்கச் சொல்கிறேன். இந்த நிலையம் யாருடைய பங்களிப்பையும் மறப்பதில்லை."

இசக்கிமுருகன் அந்த மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவரை அடித்துவிடுவோமோ என்று அவனுக்குப் பயம் வந்தது. அவர் அதைப் பக்தி என்று நினைத்திருக்கலாம், மனம் இரங்கினார். உடையாத கொக்கி ஒன்றை முழுசாகக் கொண்டு வந்தால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இரு துறைகளின் கூட்டமர்வில் வைத்து அங்கேயே முடிவு சொல்லிவிடலாம் என்றார்.

வீட்டில் பிரேமலதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே மாவரைத்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழம நீ போவாண்டாம்" என்றான்.

"நான் போவலன்னா அந்த எடத்துல சுடலைவடிவு நிப்பா. அவளுக்கு மட்டும் கழுத்து இரும்புலயா செஞ்சிருக்கு?"

"அவகிட்டயும் சொல்லுதேன்."

"சொல்லுங்க. பொறவு வேற யாராச்சும் நிப்பாங்க. கதவு தூக்குனா தட்டுத் தள்ள ஆளு வேணுமில்லா." கிரைண்டரை நிறுத்தினாள். "எனக்கும் பயந்தான். ராத்திரி கண்ண மூடுனா அந்தச் சத்தம்தான் கேக்கு. நீங்க அந்த ஒரு வார்த்தைய எப்படியாச்சும் வாங்கிட்டு வாங்க. நான் மொதலாளிகிட்ட, நீங்க போன் பண்ணுத வரைக்கும் கதவத் தூக்காதீங்கன்னு சொல்லி நிப்பாட்டி வைக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை இப்ராஹிமிடம் சாவி வாங்கிப் பட்டறைக்குப் போனான். கதவு தரையில் இறக்கப்பட்டு இருந்ததால் கொக்கிகளில் பாரமில்லை. மூன்றில் ஒன்றைக் கழற்றினான். பார்வைக்கு ஒரு கீறல் இல்லை, புதுமாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. தட்டிப் பார்க்கக் கை போயிற்று. உடைத்துவிட்டால் இதுவும் அறுபட்டு நீளம் போதாமல் போகும். குழந்தையைச் சுற்றுவது போலச் சாக்கில் சுற்றிக்கொண்டான். அந்த இடத்தில் இரண்டாவது சாதா இரும்புக் கொக்கியை மாட்டினான். இனி ஒப்பேற்ற வழியில்லை. பழைய கொக்கிகள் இன்னும் இரண்டு அங்கேயே தொங்கின.

திங்கட்கிழமை காலை. கூட்டமர்வு நடந்த மண்டபம் சுவருக்கு அப்பால், தோட்டத்தில் தனியாக இருந்தது. ஒரே மேசையில் உட்கார இரண்டு துறைகளும் மறுத்துவிட்டதால் இரண்டு மேசைகள் போட்டிருந்தார்கள். இடது மேசை பிரிதலுக்கு, வலது மேசை ஒழுங்குக்கு. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் அளவு இடைவெளி. அந்த இடைவெளிக்குப் பின்னால் இயக்குநர். குத்துவிளக்கு இருந்தது, புகைப்படக்காரர் இருந்தார். கடைசி வரிசையில் ஸ்ரீலக்ஷ்மி தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இசக்கிமுருகன் இப்ராஹிமுக்குப் போன் போட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் சட்டைப்பையில் வைத்திருந்தான். முதலாளிக்கே அவர்கள் வாயிலிருந்து நேராகக் கேட்கட்டும் என்பது அவன் எண்ணம். மறுமுனையில் லாரி உறுமுவது கேட்டது.

"லோடு ஏத்த லாரி வந்து நிக்கி வே. பதினோரு மணி வரைக்கும் பாப்பேன்" என்று இப்ராஹிம் சொல்லியிருந்தார். பக்கத்தில் பிரேமலதாவின் குரலும் கேட்டது, யாரையோ தள்ளி நில்லுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வரவேற்புரை நடந்தது. இயக்குநர் பேசினார். "பிரிந்திருப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒழுங்காக இருப்பதிலும் ஒரு பிரிவு உண்டு. இந்த நிலையம் இதுவரை எந்தத் தவறான முடிவையும் சொன்னதில்லை. ஏனென்றால் அவசரப்பட்டு எந்த முடிவையும் சொன்னதில்லை." கைதட்டினார்கள். பஞ்சாபகேசன் பேசினார். பிரிதல் துறை பற்றிய விளக்கம் பதினைந்து நிமிடம் ஓடியது. பாகீரதி தமக்கும் அதே பதினைந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டு, சொல்ல ஒன்றுமில்லாத கடைசி நான்கு நிமிடங்களை மௌனமாக நின்று நிரப்பினார். அதையும் எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். சுவர்க்கடிகாரத்தில் பெரிய முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"சார்" என்று எழுந்தான். "பதினோரு மணிக்கு அங்கன கதவத் தூக்கிருவாங்க."

"உட்காருங்கள் தம்பி. இதோ, சோதனை மாதிரியின் ஒப்படைப்புத்தான்."

ஒப்படைப்புக்கும் ஒரு முறை இருந்தது. ஒரு துறை மட்டும் எடுத்தால் அது அந்தத் துறைக்குச் சொந்தம் என்றாகிவிடும். ஆகவே இரண்டு துறைத்தலைவர்களும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கொக்கியைத் தூக்கி வரவேண்டும். தூக்கி வந்தார்கள். மண்டப வாசலிலிருந்து ஒருவர் வேகத்துக்கு மற்றவர் இணங்காமல் நடந்து, இரண்டு மேசைகளுக்கு நடுவே வந்து நின்றார்கள். எந்த மேசையில் வைப்பது என்பதை முறையில் எழுத மறந்திருந்தார்கள்.

பஞ்சாபகேசன் இடப்பக்கம் இழுத்தார். பாகீரதி வலப்பக்கம் இழுத்தார். இருவரும் புன்னகை மாறாமல் இழுத்தார்கள், புகைப்படக்காரர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கோ" என்றார் பஞ்சாபகேசன் மெதுவாக.

"முதல்லே நீங்க விடுங்கோ" என்றார் பாகீரதி.

இசக்கிமுருகன் முன்னால் ஓடினான். "சார், பைய, பைய."

இயக்குநர் கையை உயர்த்தினார். அவருக்கு நீதிதான் முக்கியம். "யாரும் முதலில் விட வேண்டாம். எந்தத் துறைக்கும் தாழ்வு வரக்கூடாது. நான் மூன்று சொன்னதும் இருவரும் ஒரே நேரத்தில் விடுங்கள். ஒன்று. இரண்டு. மூன்று."

நிலையத்தின் வரலாற்றில் முதன்முறையாக இரண்டு துறைகளும் ஒரு காரியத்தை ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, குறையில்லாமல் செய்து முடித்தன. இருவரும் விட்டார்கள். கொக்கி இரண்டு மேசைகளுக்கும் நடுவே கருங்கல் தரையில் விழுந்து, இரண்டாக உடைந்து, ஆளுக்கொரு பக்கம் தெறித்தது.

உடைந்த முகங்கள் கல்கண்டு போல மின்னின. இடுப்புயரத்திலிருந்து விழுந்த இரும்பு. ஒரு டன் கதவைத் தாங்குகிற இரும்பு.

முதலில் பேசியவர் பஞ்சாபகேசன். "இது எங்க மேசையிலே நடக்கலே."

"எங்க மேசையிலும் இல்லை" என்றார் பாகீரதி.

சிவசண்முகம் நிகழ்ச்சிநிரலை எடுத்துப் பார்த்தார். "முறிவு என்பது இன்றைய நிரலில் இல்லை. ஆகவே இது நடந்ததாக இந்த அமர்வு கருத இயலாது. யாரும் எதையும் தொட வேண்டாம்."

இசக்கிமுருகனின் சட்டைப்பையிலிருந்து குரல் வந்தது. அவன் போனை எடுத்தான்.

"என்னவே சத்தம் அது? டங்குன்னு கேட்டுது."

"கொக்கி மொதலாளி. கைதவறிக் கீழ விழுந்துட்டு. ரெண்டா உடஞ்சிட்டு."

இப்ராஹிம், இன்னும் மரியாதை குறையாமல், கேட்டார்: "அவங்க என்ன சொல்லுதாங்க?"

"அவங்க இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க மொதலாளி. கொக்கி சொல்லிட்டு."

மறுமுனையில் "யா அல்லா" என்ற முனகல். அதற்குப் பின்னால் உரத்த குரல்: "ஏ, யாரும் கதவு பக்கத்துல நிக்காதீங்க. லாரியத் திருப்பி அனுப்புங்க. அந்தச் சனியன ரெண்டையும் கழத்துங்க மொதல்ல." இசக்கிமுருகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதான். கடைசி வரிசையில் ஸ்ரீலக்ஷ்மியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டறைக்கு வேறு கலவையில் செய்த நான்கு புதுக்கொக்கிகள் வந்து மாட்டப்பட்டன. மழைக்காலம் முடிந்து பிசான நெல் கதிர்வாங்கும் நேரத்தில் ஒரு நாள், இசக்கிமுருகனின் போன் அடித்தது. அவன் ஏணிமேல் இருந்ததால் பிரேமலதா எடுத்தாள்.

"நான் உயராய்வு நிலைய இயக்குநர் சிவசண்முகம் பேசுகிறேன். ஒரு நற்செய்தி. உங்கள் கொக்கியைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வெளிவருகின்றன. இடது துண்டில் பிரிதல் நடந்திருக்கிறது என்று பிரிதல் துறையும், வலது துண்டில் ஒழுங்கு நிகழவில்லை என்று ஒழுங்குத் துறையும் தனித்தனியாக நிறுவியிருக்கின்றன. வெளியீட்டு விழாவில் பிரேமலதா அம்மையார் சார்பாக அவர் கணவர் பொன்னாடை பெற்றுக்கொள்ள வேண்டும்."

"என் சார்பா அவரு எதுக்கு? நானே வாரேனே. நான்தான் சார் பிரேமலதா."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அம்மா, நன்றியுரையில் 'இரண்டாவது முறிவின்போது உயிர்நீத்த பிரேமலதா அவர்களுக்கு' என்று அச்சாகிவிட்டதே."

"ரெண்டாவது முறிவு உங்க மேசைக்கு நடுவுல நடந்துட்டுல்லா சார். நான் அங்கன நிக்கல."

"உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் இருக்கிறீர்கள் என்று திருத்தம் போட வேண்டுமானால் இரண்டு துறைகளும் ஒப்புக்கொள்ள வேண்டும்."

பிரேமலதா ஏணிமேல் நின்ற கணவனைப் பார்த்தாள். அவன் என்ன என்று கண்ணால் கேட்டான்.

"சரி சார்" என்றாள். "அவங்க பைய ஒத்துக்கிடட்டும். அதுவரைக்கும் நான் சோலியப் பாக்கேன்."

போனை வைத்துவிட்டுத் தலைத்துண்டை இறுக்கி முடிந்தாள். கதவு மேலே ஏறியது. தினமும் செய்வது போல நான்கு கொக்கிகளையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, தட்டை உள்ளே தள்ளினாள்.